கடைசிக் காம்பராவில் வைத்த கருவி

அந்த லயத்தில் இரண்டு நாள் வேலை செய்தேன். ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்; அதன் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயம். லயத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு கல்குவாரி. அங்கே வெடி வைக்கும்போதெல்லாம் சுவர் வெடிக்கிறது என்று லயத்து ஆட்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள். அதிர்வை அளந்து காட்டும்படி அரசாங்க அலுவலகம் குவாரிக்குச் சொன்னது. குவாரி எங்கள் கம்பனியைக் கூப்பிட்டது. கம்பனி என்னை அனுப்பியது. ஆகவே லயத்துக்கு நான் குவாரியின் ஆள். குவாரிக்கோ, என் பெயரையும் பேச்சையும் கேட்ட மறுகணமே, நான் லயத்தின் ஆள்.

இரண்டு பட்டமும் எனக்குப் பிடிக்கவில்லை. றொசல்லயில் ஒரு லயத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து, தொழில்நுட்பக் கல்லூரிக்கும் போன முதல் ஆள். அந்தக் கருவியைத் தனியாக எடுத்துப்போகும் பொறுப்பை எனக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

கருவி ஒரு சின்னப் பெட்டி அளவுதான். அதிலிருந்து இரண்டு கேபிள் போகும். ஒன்றின் நுனியில் நில அதிர்வை உணரும் சென்சர். மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் என்று மூன்று திசை அசைவையும் அது தனித்தனியே எடுக்கும். மற்றதன் நுனியில் ஒரு மைக், வெடியின் காற்றழுத்தத்துக்காக. ஒரு குறித்த அளவுக்கு மேல் நிலம் அசைந்தால்தான் கருவி விழித்துப் பதிவு செய்யும். அந்த அளவை நான்தான் வைக்க வேண்டும். அதிகமாக வைத்தால் வெடியே தப்பிவிடும். குறைவாக வைத்தால் கோழி நடந்தாலும் எழுதும்.

சென்சரை வெளியே மண்ணில் புதைக்கத்தான் நினைத்தேன். தொழிற்சங்கத் தலைவர் விடவில்லை.

"வெளிய வச்சீங்கன்னா குவாரிக்காரனுங்க வந்து ஒரு உதை உதைச்சிட்டுப் போயிருவானுங்க மிஸ். கடைசிக் காம்பரா இஸ்தோப்புல வைங்க. வெடிப்பும் அங்கதான் பெருசு."

லயத்தின் கடைசி அறையான அந்தக் காம்பராவின் குவாரிப் பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. உள்ளே ஒரு பெண், பிள்ளை பெற்று வந்து படுத்திருந்தாள். தீட்டுக் கழியும் வரை வாசல் தாண்டக் கூடாது. அவளுடைய மாமியார் முன்திண்ணையான இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் சிமெந்துத் தரையில் சென்சரை ஒட்டுவதைப் பார்த்தாள்.

"இது என்னா, புள்ள நிறுக்கிற மிசினா?"

பக்கத்துக் காம்பராப் பெண்கள் சிரித்தார்கள்.

"இல்ல. அதிர்வு எடுக்கிறது. இதுகிட்ட யாரும் நடக்கக் கூடாது," என்றேன்.

"எங்க வீட்டு இஸ்தோப்புல நடக்கிறதுக்கு ஒங்ககிட்ட பர்மிட் எடுக்கணுமா?"

சென்சரின் மேல் மணல் பையை வைத்தேன். அவளுடைய மகன் குவாரியில் கல் துளைக்கிறவன் என்று தலைவர் என் காதில் சொன்னார். அப்படியென்றால் இவளோடு பேசிப் பிரயோசனம் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மதியம் குவாரியில் விசில் ஊதியது. அந்த லயத்தில் விசில் கேட்டால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் தட்டு, சட்டி, சாமிப் படம் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் வைத்துவிட்டு வெளியே வருவார்கள். பிள்ளை பெற்றவள் மட்டும் வர முடியாது. ஆகவே ஆறேழு பெண்கள் கடைசிக் காம்பரா இஸ்தோப்புக்கு ஓடுவார்கள். சுவர் சாய்ந்தால் பிள்ளையை இழுத்து எடுக்க.

அன்றைக்கும் ஓடினார்கள். நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. அவர்கள் கால்கள் தடதடவென்று சென்சரைச் சுற்றி விழுந்துகொண்டிருந்தபோதே வெடி வெடித்தது.

தலைவர் கருவியின் திரையை எட்டிப் பார்த்தார். கோடு திரையின் உச்சிக்கே போயிருந்தது.

"மாட்டிக்கிட்டானுங்க," என்றார்.

நான் அலையை விரித்துப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் குத்துக் குத்தாய் நிற்கும் கோடுகள். ஒவ்வொன்றும் எழுந்த வேகத்திலேயே செத்துப்போகிறது. மேலும் கீழுமாகத்தான் அசைவு; பக்கவாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் குத்துகள் விழும் இடத்தில் மைக்கின் கோடு சும்மா கிடந்தது. உண்மையான வெடி அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ சிக்கியிருந்தது, பிரித்தெடுக்க முடியாது.

"இது வெடி இல்ல. நீங்க ஓடுனது," என்றேன்.

"யாரு ஓடுனா என்னா மிஸ். மிசின் காட்டுதுல்ல. அதையே எழுதுங்க."

"எழுதுனா அவங்க ஒரே நிமிசத்துல கிழிச்சுப் போட்டுருவாங்க. பொறகு உங்க முறைப்பாட்டையே யாரும் நம்ப மாட்டாங்க."

"ஒங்களுக்குச் சம்பளம் அவங்கதானே போடுறாங்க. வேற என்னா சொல்லுவீங்க."

"நானும் லயத்துல பொறந்தவதான்."

மாமியார் அங்கிருந்தே சொன்னாள்: "அப்ப ஓடுவோம்னு தெரிஞ்சிருக்கணும்ல."

எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் குவாரி கிடையாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு என்ன தேவை. பதிவை அழிக்காமல், 'செல்லாது' என்று குறித்து வைத்தேன்.

சாயந்தரம் குவாரி மேற்பார்வையாளரிடம் போனேன். சிங்களத்தில்தான் பேசினோம். சேதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"நங்கி, உங்கள் ஆட்கள் ஆடினதையும் அளந்துவிட்டாயாமே," என்றார். நங்கி என்றால் தங்கை. அந்த வார்த்தையை இவ்வளவு கேவலமாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "கருவி வைத்தோம், அளவுக்கு மீறி எதுவும் பதிவாகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. உனக்கும் வேலை முடியும்."

அடுத்த நாள் மதியம் இன்னொரு வெடி இருந்தது. அது முடிந்ததும் கருவி வேறு வேலைக்கு நானுஓயாப் பக்கம் போக வேண்டும். அந்த ஒரு வெடியும் கெட்டால் இவர் சொன்னதுதான் அறிக்கையாகும், முறைப்பாட்டை மூடிவிடுவார்கள். பிள்ளை அந்தச் சுவருக்குக் கீழேயே கிடக்கும்.

"நாளைக்கு நீங்களும் லயத்துக்கு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். வராவிட்டால், வர மறுத்தார் என்று எழுதுவேன்," என்றேன். அவர் முகம் கறுத்தது.

மறுநாள் காலை, கடைசிச் சுவருக்கு வெளியே அடிமண் வரை தோண்டினேன். சென்சரின் முட்களை மண்ணில் அழுத்தி, அதிலுள்ள குமிழி நடுவில் நிற்கும்படி மட்டம் பார்த்து, மேலே இருக்கும் அம்புக்குறியைக் குவாரிப் பக்கம் திருப்பி, மண்ணைப் போட்டு மிதித்தேன். மைக்கைக் கம்பியில் நிறுத்தினேன். பிறகு லயத்து ஆட்களைக் கூப்பிட்டு, விசிலுக்கு முன்பே எல்லாரும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்விட வேண்டும் என்றேன். ஓட வேண்டாம், இங்கே ஒரு காலும் இருக்கக் கூடாது.

தலைவர் சரி என்றார். மாமியார் எழுந்தே விட்டாள்.

"தீட்டுக்காரிய மடுவத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா? கொழுந்து நிறுக்கிற எடத்துக்கா? படிச்சவன்னா இப்படித்தானா?"

"அப்ப அவங்க மட்டும் சுவருக்குக் கீழ தனியா கெடக்கட்டுமா?"

"நாங்க கூட நிப்போம். எப்பவும் நிக்கிறோம். ஒன் மிசினுக்காக ஒதுங்கணுமா?"

"நீங்க நின்னீங்கன்னா மிசின் உங்க காலத்தான் எழுதும்."

"எழுதாட்டி என்னா. எம் மகன் அங்கதான் வேல செய்யிறான். அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தானே வந்திருக்க."

"அந்தச் சுவரு விழுந்தா ஒங்க மகனுக்குத்தான் சேதி சொல்லி விடணும். அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்க."

பெண்கள் 'ச்சீ' என்றார்கள். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் நின்று சொல்லும் பேச்சா என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பேச்சு இல்லாமல் அவர்கள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. பிள்ளை பெற்றவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"மாமி, நான் மடுவத்துக்குப் போகல. மேல மலைக்குப் போறேன். தேயிலைக்கு என்னா தீட்டு."

தலையை மூடிக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். மாமியார் அவளை அடிப்பாள் போல இருந்தது. அடிக்கவில்லை. உள்ளே போய், சுவரில் செருகியிருந்த, தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து மருமகளின் கையில் திணித்தாள். "இரும்பில்லாம வெளிய எறங்காத." பிறகு என்னைப் பார்த்து, "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன்னய விட மாட்டேன்," என்றாள். இருவரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறிப் போனார்கள்.

மேற்பார்வையாளர் குடையோடு வந்தார். சென்சரிலிருந்து தள்ளி ஒரு கல்லில் அவரை நிறுத்தினேன். விசில் ஊதியது. லயம் முழுக்க ஒரு ஆள் இல்லை. அவர் மெல்ல ஒரு கால் எடுத்து வைத்தார்.

"அசையாதீர்கள்," என்றேன். "அசைந்தால் உங்கள் காலடியையும் உங்கள் பதவியோடு சேர்த்து எழுதுவேன்."

நின்றார்.

வெடி வெடித்தது. நிலத்தின் மூன்று கோடுகளும் ஒன்றாக எழுந்து, ஆடி, ஆறின. கொஞ்சம் பிந்தி மைக்கின் கோடு ஒரே தூக்காய்த் தூக்கியது. காலடி ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் கண்டதைவிடச் சின்னது. ஆனால் குவாரியின் அனுமதியில் போட்டிருந்த எல்லைக்கு மேலே.

"மேல் ரோட்டில் லொறி போனது," என்றார்.

"லொறி போனால் மைக் இப்படித் தூக்காது. நீங்களும் இங்கேதானே நின்றீர்கள். லொறியைப் பார்த்தீர்களா?"

பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டார். பேனையை என்னிடம் தராமல் பெட்டியின் மேல் போட்டுவிட்டுப் போனார்.

மடுவத்திலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். தலைவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "நேத்தைவிடக் கம்மியா இல்ல இருக்கு."

"கம்மிதான். ஆனா வெடி. எல்லைக்கு மேல. இத யாராலயும் கிழிக்க முடியாது."

"என்னமோ," என்றார்.

மாமியாரும் மருமகளும் இறங்கி வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் மருமகளை இஸ்தோப்பில் ஏறச் சொன்னாள் மாமியார். அவள் ஏறவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இனி வெடிக்க மாட்டாங்களா?"

"எழுதிக் குடுப்பேன். நிப்பாட்டுறது ஆபிசுக்காரங்க கையில."

"எம் மகன் வேலயில்லாம வந்து குந்துனா நீயா வந்து சோறு போடுவ?" என்றாள் மாமியார்.

"குந்த வீடு இருக்கட்டும் முதல்ல. அந்தக் காம்பராவுல புள்ளையப் போடாதீங்க. அத எழுதிக் குடுக்கத் தேவையில்ல, இப்பவே சொல்றேன்."

அவள் என் பக்கம் காறித் துப்பினாள்; என்மேல் படாத தூரத்தில்தான்.

சென்சரைத் தோண்டி எடுத்து, மண் துடைத்து, கேபிளைச் சுற்றினேன். வேன் ஏற்றத்துக்கு மேலே நின்றது. பெட்டியைத் தூக்க ஒரு கை வரவில்லை. நான் பாதி ஏற்றம் ஏறித் திரும்பியபோது, மாமியார் கடைசிக் காம்பராவில் கட்டியிருந்த பிள்ளையின் ஏணைத் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, குவாரிக்குத் தூரமான லயத்தின் அந்தத் தலைப்பு வரை போய், முதல் காம்பராக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே அங்கே கட்டிக்கொண்டிருந்தாள்.