லொறி டியூப்பும் வெள்ளிக் கிரீடமும்

சண்முகவடிவுக்கு மறதி என்ற வியாதி கிடையாது. கல்யாணப் பந்தியில் தனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவன் பேரை, அவன் பேரப்பிள்ளைக்குக் காது குத்தும் அன்றைக்கும் சரியாகச் சொல்லுவாள். சத்தம் போட மாட்டாள். மண்ணை வாரித் தூற்ற மாட்டாள். மனசுக்குள் ஒரு மூலையில் போட்டு மூடிவைப்பாள். காலம் வரும்போது எடுத்துப் பார்த்தால் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும்.

மூடிவைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரி. அதனால்தான் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கில், லயத்து வரிசைவீட்டு ஆட்கள் காமன் சாமான்களை அவள் கையில் கொடுத்துவைத்திருந்தார்கள்.

மாசி மாசம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதனுக்கு ஒரு வெள்ளிக் கிரீடம், ரதிக்கு வெள்ளி ஒட்டியாணம், ஆடுகிறவர்கள் காலுக்குச் சலங்கை. கூத்து முடிந்ததும் அடுத்த மாசி வரைக்கும் இவற்றைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். சொல்வது சுலபம். அக்கரப்பத்தனைப் பக்கத்து மலையில் மழை விட்டுப் பனி இறங்குவதற்குள் ஒரு பீடி பற்றவைக்கக்கூட நேரம் கிடைக்காது. பற்றவைக்கலாம் என்றால் தீப்பெட்டி நமுத்திருக்கும். சட்டியில் உப்பு கரைந்து ஓடும். பெட்டியில் மடித்துவைத்த கூறைப்புடவையை எடுத்துப் பார்த்தால், புடவைக்கு மேலே பூஞ்சணம் இன்னொரு புடவை கட்டியிருக்கும். இதெல்லாம் போதாதென்று காம்பிரா என்ற ஒற்றை அறைக்குள் நாள் முழுக்க ஈர விறகுப் புகை வேறு.

வடிவுக்கு வேலை ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். சலித்த தூளில் காம்பு பொறுக்கும் வேலை. காய்ந்த தேயிலை ஒரு பேராசைக்காரன், ஈரத்தையும் குடிக்கும், வாசத்தையும் குடிக்கும் என்பதை அங்கேதான் அவள் பார்த்தாள். அதனால்தான் தூளை உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். தேயிலைக்குச் செய்கிற மரியாதையைச் சாமிக்கும் செய்தால் என்ன? மூலை உடைந்ததென்று கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் கேட்டு வாங்கினாள். குப்பைக்குப் போகும் பஞ்சுத்தூளைச் சூடாறுமுன் அள்ளித் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டாள். அதன் நடுவே கிரீடம் பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கியது. பல மாசி இப்படியே போயிற்று. சாமான் எடுக்க எடுக்கப் பளிச்சென்று வந்தது.

ஐம்பத்து நாலாம் வருஷத்து மழை கொஞ்சம் அதிகம். பெட்டி மூடியின் சந்துக்குள் ஈரம் நுழைவதை வடிவு பார்த்தாள். அப்போது தோட்டத்து லொறி டியூப் ஒன்று பஞ்சராகிப் பஞ்சராகி ஒட்டுப்போட இடமில்லாமல் வீதியோரம் கிடந்தது. கொண்டுவந்து வெட்டி விரித்தாள். ஒரு துண்டைப் பெட்டிக்குள் விரித்தாள். இன்னொன்றை மூடியைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். எறும்பு போக வழியில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு வெற்றிலையும் போட்டாள்.

அடுத்த மாசியில் காமன் கம்பம் ஊன்றுகிற அன்றைக்குக் கோயில் முன்னால் அத்தனை பேர் பார்க்கப் பெட்டியைத் திறந்தார்கள். ஈரம் ஒரு பொட்டு இல்லை. கிரீடம் மட்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தது. ஒட்டியாணம் அதன் தங்கச்சி மாதிரி இருந்தது.

ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி பொன்னையாதான் திருவிழாத் தலைவர். வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட தடி, நடுவிலே கொஞ்சம் மனுஷன். வடிவின் புருஷன் செல்லசாமி, கூத்துக்குத் தப்பு அடிக்கிறவன். அவன் அந்தத் தைமாசம்தான் கங்காணி பேச்சைத் தட்டிவிட்டுத் தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தான். கங்காணி அதைத் தொண்டையில் முள்ளாக வைத்துக்கொண்டு சமயம் பார்த்திருந்தார்.

"எங்கடி வெள்ளி?" என்றார்.

"இதுதாங்க ஐயா வெள்ளி. எப்பிடிக் கறுத்துச்சுன்னுதான் தெரியல. குடுங்க, தேச்சுக் காட்டுறேன்."

"தொடாத! வெள்ளி மங்கும், எனக்கும் தெரியும். இப்பிடி அட்டக்கரியா ஆகுமா? வெள்ளிய ஹட்டன்ல வித்துட்டு ஈயத்த அடிச்சு வச்சிருக்கா. புருசன் சங்கம், பொண்டாட்டி கள்ளி. நல்ல குடும்பம்!"

செல்லசாமி பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். கங்காணி கிரீடத்தையும் ஒட்டியாணத்தையும் சாக்கில் போட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். தேய்த்துப் பார்க்கவும் இல்லை, பத்தரிடம் காட்டவும் இல்லை. காட்டி, வெள்ளி என்று சொல்லிவிட்டால்? அந்த வருஷம் மன்மதன் பக்கத்துத் தோட்டத்து இரவல் கிரீடத்தில் எரிந்தான். கள்ளிக்கு ஸ்டோரில் இடமில்லை என்று வடிவையும் மலைக்குக் கொழுந்து பறிக்க விரட்டினார்கள்.

மலையில் அட்டை கடித்தது. வடிவுக்கு அது தெரியவில்லை. 'கள்ளி' என்ற சொல்தான் கடித்துக்கொண்டே இருந்தது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது பின்னால் எவளாவது கிசுகிசுத்தால் அது தன்னைப் பற்றித்தான் என்று தெரியும். கங்காணியை என்ன செய்யலாம் என்று கூடை நிறைய யோசித்தாள். தடியைத் திருடி அடுப்பில் வைக்கலாம். கோட்டுப் பையில் அட்டையைப் பிடித்து விடலாம். எல்லாம் சில்லறைப் பழி. அவள் கேட்டது மொத்தப் பழி. அவர் வாயிலிருந்து வந்த அதே சொல், அதே இடத்தில், அதே கூட்டத்துக்கு முன்னால் அவர் தலையில் விழ வேண்டும்.

வழி அவள் வீட்டுத் தகர டப்பாவுக்குள்ளேயே இருந்தது. மிச்ச டியூப்பில் ஒரு துண்டை வெட்டி, தன் சின்ன வயசு வெள்ளிக் காப்பை அந்த டப்பாவில் போட்டு மூடியிருந்தாள். ஒருநாள் எதற்கோ திறந்தால் காப்பு கன்னங்கரேல். இணைக் காப்போ அடுப்பு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டு புகையைத் தின்று மங்கலாக, ஆனால் வெள்ளியாகவே இருந்தது.

"இதையும் நானா வித்தேன்?" என்று காப்பையே கேட்டாள்.

டப்பாவை முகர்ந்தாள். பட்டாசு வெடித்த மறுநாள் வாசம் மாதிரி ஏதோ ஒன்று. இணைக் காப்பையும் டியூப் துண்டோடு உள்ளே போட்டு அடைத்துவைத்தாள். ஆனி மாசம் முடியுமுன் அதுவும் கறுத்தது. விளங்கிவிட்டது. ஈரம் வெளியிலிருந்து வந்த திருடன். அவனைத் தடுக்கக் கதவை அடைத்தபோது, ரப்பருக்குள் இருந்த கெட்ட காற்றையும் சேர்த்து உள்ளே அடைத்திருக்கிறாள். சந்து இருந்தால் அது போயிருக்கும். இவள்தான் எறும்புக்குக்கூட வழி விடவில்லையே!

கண்டுபிடித்ததும் அவளுக்குப் பழி நினைப்பு வரவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தன் பேர் வெளுத்தால் போதும் என்று நேரே பீலிக்கு ஓடினாள். லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் அந்தக் குழாயடியில் கங்காணியின் மனைவி ராசம்மா நின்றாள். அவளிடம் சொன்னால் கங்காணி காதுக்குப் போகும்.

"கங்காணியம்மா, ஒரு சேதி..."

ராசம்மா தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாதிக்குடம்தான் நிறைந்திருந்தது. "கொடத்த பத்திரமா புடிங்கடி. கள்ளி வந்துட்டா" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். பெண்கள் சிரித்துக்கொண்டே ஓரடி நகர்ந்தார்கள்.

வடிவு சேதியை விழுங்கினாள். அது வயிற்றுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. செல்லசாமியிடம்கூட மூச்சுவிடவில்லை. அவன் தப்பும் வாயும் ஒன்று. தொட்டால் ஏழு லயத்துக்குக் கேட்கும்.

ஆடி மழையில் கங்காணி புதுக் கிரீடம் செய்தார். ஹட்டன் பத்தர் கைவேலை. நெற்றியில் 'பொன்னையா உபயம்' என்று எழுத்து வேறு. மன்மதன் தலையில் தன் பேர் ஏறப்போகிறது! மாசிவரை அதை எங்கே வைப்பது? அவர் வீடும் ஈரத்தில் ஊறிக்கிடந்தது. கறுத்தது ஈயம்தான் என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார். தோட்டத்திலேயே காய்ந்த பெட்டி எது என்று அவருக்கும் தெரியும். அவரிடம்தானே இருக்கிறது! வடிவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வாசலில் பெட்டி, டியூப், புதுக் கிரீடம், மழைக்காலத்துக்கு மூட்டை கட்டிய கோட்டின் வெள்ளிப் பொத்தான்கள், தடியிலிருந்து கழற்றிய பூண்.

"இது எப்பிடி அடைக்கிறதுன்னு சொல்லு. ஒன் கை படக்கூடாது. தள்ளி நின்னு வாயால சொல்லு" என்றார் கங்காணி.

வடிவு இரண்டடி தள்ளி நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் நினைத்திருந்தால் ரப்பர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கள்ளியிடம் யார் ரெண்டாம் சொல் கேட்டார்கள்?

"டியூப அடியில விரிங்க, ஐயா."

"ம்."

"சுருக்கம் இல்லாம. ஆ, அப்பிடித்தான். சாமானெல்லாம் அதுக்கு மேல வைங்க. மூடிச் சந்துல நல்லா இழுத்துக் கட்டுங்க. இன்னும் இழுக்கணுங்க ஐயா, காத்து போகப்படாது."

கங்காணி மூச்சுவாங்க இழுத்துக் கட்டினார். பூட்டுப்போட்டுச் சாவியை ராசம்மா கையில் கொடுத்தார்.

"ஐயா கட்டுனா கட்டுதான்" என்றாள் வடிவு. திரும்பி நடக்கும்போது மழை பெய்தது. நனைந்தது அவளுக்குக் குளிரவே இல்லை.

மாசி வந்தது. கம்பம் ஊன்றும் நாள், சாயங்கால வெயில், கோயில் முன்னால் மேக்கணக்கு, கீக்கணக்கு ஆட்கள் எல்லாரும். தடிக்குப் பூண் இல்லை, கோட்டுக்குப் பொத்தான் இல்லை. எல்லாம் சபையில் வைத்துப் போட்டுக்கொள்வதாகக் கங்காணி ஏற்பாடு.

"பெட்டி யாரு கையில இருக்குங்கறதுதான் விசயம். இப்பப் பாருங்க" என்று சொல்லி டியூப்பை அவிழ்த்தார்.

வடிவு முன்வரிசையில் நின்றாள். ஒரு வருஷமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் சோறு தின்றாள்.

கிரீடம் வெளியே வந்தது. 'பொன்னையா உபயம்' என்ற எழுத்து மைக்குள் மை எழுதினாற்போல இருந்தது. பொத்தான்கள் மிளகு மாதிரி உருண்டன.

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. பிறகு கூத்தில் கோமாளி கட்டுகிற அழகன் தொண்டையைச் செருமினான். காமன் களத்தில் கோமாளி பேச்சுக்கு யாரும் கோபப்படக்கூடாது, அது வழக்கம்.

"வெள்ளி மங்கும், எனக்கும் தெரியும். இப்பிடி அட்டக்கரியா ஆகுமா?" என்றான் கங்காணியின் குரலிலேயே. "ஹட்டன்ல என்னா வெல போச்சுங்க, தலைவரே?"

சிரிப்பு வெடித்தது. வடிவுக்கு அது காதில் தேன். இன்னும் ஒரு கரண்டி வேண்டும்போல இருந்தது.

கங்காணியின் முகம் கிரீடத்தின் நிறத்துக்குப் போயிற்று. சட்டென்று திரும்பினார். "சாவி ஒன்கிட்டதானடி இருந்துச்சு?" என்று ராசம்மாவைப் பிடித்தார். "ஒந் தம்பி நானுஓயாவுலேருந்து தீபாவளிக்கு வந்தானே, அவன்கிட்டதானே குடுத்துவிட்ட? எங்கடி வெள்ளி? கள்ளி!"

ராசம்மா பின்வாங்கினாள். பக்கத்தில் நின்ற பெண்கள் மெல்ல ஓரடி நகர்ந்தார்கள். பீலியில் வடிவை விட்டு நகர்ந்த அதே ஓரடி. கங்காணி பூணில்லாத தடியை ஓங்கினார்.

வடிவுக்கு உள்ளே ஒருத்தி, 'நல்லா வாங்கட்டும், பாதிக்கொடத்தோட போனவதானே' என்றாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் இது அவள் கேட்ட பழி இல்லை. அவள் ஒரு தலைக்குக் குறிவைத்தாள். சொல் வழுக்கி இன்னொரு தலையில் விழுகிறது.

"தடிய எறக்குங்க, கங்காணி ஐயா" என்றாள். "அது வெள்ளிதான். வெளுக்கவைக்க எனக்குத் தெரியும்."

கூட்டம் திரும்பியது.

"ரப்பரோட அடச்சு வச்சா வெள்ளி கறுக்கும். எங் காப்பு ரெண்டும் இப்பிடித்தான் போச்சு."

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுக்கு என்னா? தெரிஞ்சுக்கிட்டேவா இழுத்துக் கட்டச் சொன்ன?"

"ஆமாங்க. கள்ளின்னு சொன்ன வாய்க்கு நான் ஏன் யோசன சொல்லணும்? எங் கை படவேணாம்னீங்க. படல. நீங்கதானே கட்டுனீங்க, அதுவும் எவ்வளவு நல்லா!"

மறுபடி சிரிப்பு. கங்காணி பல்லைக் கடித்தார். "எப்பிடி வெளுக்கும்? சொல்லு."

"சொல்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க. போன மாசியில இந்த எடத்துல நின்னு என்னைய என்னான்னு சொன்னீங்களோ, அது பொய்னு சொல்லுங்க. அந்தா நிக்கிறாங்களே ஒங்க வீட்டம்மா, அவுங்களுக்கும் சேத்து."

கங்காணி கூட்டத்தைப் பார்த்தார். அழகன் அடுத்த பேச்சுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். அதற்குப் பயந்தாரோ என்னவோ, வாய்க்குள் முனகினார்.

"கேக்கலைங்க" என்றாள் வடிவு.

"பொய்! ரெண்டும் பொய்! போதுமா?"

போதவில்லை. சாமி முன்னாலிருந்த திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள். "இதப் போட்டுத் தேச்சா வந்துரும். தேய்ங்க. எங் கை படாது, அது ஒங்க உத்தரவு. வீட்டுல சாக்குல கெடக்குற பழைய கிரீடத்தையும் ஒட்டியாணத்தையும் யாராச்சும் போயி கொண்டாங்க. அதையும் ஐயாவே தேய்ப்பாரு."

கங்காணி கீழே உட்கார்ந்தார். தலைப்பாகையை அவிழ்த்து, அதன் நுனியில் திருநீற்றைத் தொட்டுத் தேய்த்தார். முதலில் 'பொ' வெளுத்தது. பிறகு 'ன்'. சாக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்த பழைய கிரீடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழித்து, தான் ஈயமில்லை என்று எல்லாருக்கும் சொன்னது. செல்லசாமி தப்பைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டான்.

"பொறு. மன்மதன் கிரீடத்துப் பூவேலைக்குள்ள இன்னும் கறுப்பு இருக்கு. தலைவர் தேய்க்கட்டும்" என்றாள் வடிவு.

ராசம்மா புருஷனுக்கு உதவப் போகவில்லை. மெதுவாக வந்து வடிவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வெத்தல இருக்கா?" என்றாள்.

வடிவு மடியைத் தடவினாள். ஒரே ஒரு வெற்றிலை இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்து, யோசித்து, நடுவில் கிழித்தாள். பாதியைக் கொடுத்தாள். சின்னப் பாதியை.