மந்த வாயு

சக்கரவர்த்தி சார் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பில் வேறு யாரும் பாடம் நடத்த முடியாது. ஆரணியில் பெண்பிள்ளைகள் படித்த அந்தத் தனியார் நிர்வாகப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் பிரித்தது ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் பச்சையம்மாள் டீச்சர் சாக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வேறு வழியில்லாமல் அவர் சொல்வதெல்லாம் காதில் விழும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், 1979 ஆடி மாதம், அவர் தனிம அட்டவணை நடத்தினார்.

"வலது கோடியில பாருங்க. ஹீலியம், நியான், ஆர்கான். இதுங்கள்லாம் உயர்குடி. யார் வீட்டுக்கும் போவாது, யாரையும் சேத்துக்காது. சுத்தம். இடது கோடியில பாருங்க. சோடியம், பொட்டாசியம். தண்ணி பட்டா எரியும், காத்து பட்டா கருக்கும். அதனாலதான் மண்ணெண்ணெயில அமுக்கி ஒதுக்கி வெச்சிருக்கோம். அததுக்கு ஒரு தெரு, அததுக்கு ஒரு இடம். ஆண்டவன் போட்ட வரிசை. மாத்த முடியுமா?"

"முடியாது சார்" என்று வகுப்பே ராகம் போட்டது.

பச்சையம்மாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் பட்டுச்சேலைக் கடைக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று வாத்தியார் வேலைக்கு வந்தவர், வருஷா வருஷம் அதே உரைநூலைப் பார்த்து அதே படத்தைக் கரும்பலகையில் எழுதுகிறவர். தங்கத்தின் குறியீடு என்ன என்று கேட்டால் உடனே சொல்வார்; அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் இருமுவார். அவருக்கு வேதியியல் தெரியாது என்பது ஆசிரியர் அறையில் ஊரறிந்த சமாசாரம். இப்போது வேதியியலை வைத்து ஊரையே விளக்கக் கிளம்பிவிட்டார்.

பச்சையம்மாள் தேவிகாபுரத்துக் காலனிப் பெண். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். வேலூரில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. படித்து, பி.எட். முடித்து இந்த வேலைக்கு வந்தாள். அவள் சேர்ந்த அன்றைக்கே சக்கரவர்த்தி சார், "எந்த ஊரு? ஊர்லயா, ஊருக்கு அப்பாலயா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, "பரவாயில்ல, இப்ப காலம் மாறிடுச்சி" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பாடம் நடந்து நாலாம் நாள் கண்ணகி என்ற பத்தாம் வகுப்புப் பெண் குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளும் காலனிப் பெண்தான்.

"இன்னா ஆச்சி?"

"மண்ணெண்ணெ மண்ணெண்ணென்னு கூப்டுகினே இருக்காளுங்க டீச்சர். நான் கிட்ட போனா, ஏய் பத்திக்கப் போவுதுன்னு ஓடறாளுங்க. சார் சொன்னாருன்னு சொல்றாளுங்க."

அப்போதுதான் பச்சையம்மாளுக்குச் சிரிப்பு போயிற்று.

மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனாள். சக்கரவர்த்தி சார் டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மந்த வாயுவுக்கு உயர்குடின்னு யார் பேர் வெச்சது?"

"இங்கிலீஷ்ல நோபிள் கேஸ்னுதானேம்மா சொல்றான்? புள்ளைங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும். நீங்க புதுசு."

"தமிழ்ல மந்தம்னு இருக்கு சார். அதையும் புள்ளைங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடுங்களேன்."

மூலையில் தையல் டீச்சர் குணசுந்தரிக்குப் புரையேறியது. சக்கரவர்த்தி சார் காதில் வாங்கவில்லை.

"யாரோடவும் சேராம தனியா நிக்கிதில்ல, அதான் பெருமை."

"1962லயே செனான் புளோரினோட சேர்ந்திடுச்சி சார். பதினேழு வருஷம் ஆவுது."

"புக்ல இல்லியே."

"புக்ல இல்ல. நடந்திச்சி."

அவர் வடையைப் பிட்டார். "அட, ஏம்மா பேஜார் பண்றீங்க? வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லியா? மேல இருக்கறது மேல, கீழ இருக்கறது கீழ."

"கீழ இருக்கிறது மட்டம்னு அர்த்தமா சார்? கீழ போகப் போக ஒரு சுத்து கூடுது, அவ்ளோதான். ஆண்டவனும் போடல. மெண்டலீவ்னு ஒரு ரஷ்யாக்காரர் எடையைப் பாத்து அடுக்கினாரு. டெல்லூரியம் அயோடினைவிட கனம். எடைப்படி அடுக்கினா அயோடின் தப்பான வீட்ல போய் உக்காருது. எடையைத் தள்ளிட்டு, எது எது எப்படி நடந்துக்குதுன்னு பாத்து மாத்தி வெச்சாரு. இடம் காலியா இருந்தா காலியா விட்டாரு. பின்னால வந்தவங்க அணு எண்ணைக் கண்டுபிடிச்சி, அதான் சரின்னு காட்டினாங்க. பொறப்பு எங்க சார் வருது இதுல?"

"சாப்பிடும்போது பேசினா ஜீரணமாவாது" என்றார் சக்கரவர்த்தி சார்.

அந்த வாரம் அவர் மூன்று நாள் விடுப்பு. சேலைக் கடையில் ஆவணிக் கல்யாணங்களுக்கான வியாபாரம். பத்தாம் வகுப்புக்குப் பச்சையம்மாளை அனுப்பினார்கள். அவள் புத்தகத்தை மூடச் சொன்னாள்.

"யார் வீட்ல தறி இருக்கு?"

பாதிக் கைகள் எழுந்தன.

"ஜரிகையில இன்னா இருக்கு?"

"பட்டு நூல் டீச்சர். மேல வெள்ளி சுத்தியிருக்கும். அதும்மேல தங்க முலாம்."

"மட்ட ஜரிகையில?"

"செம்பு!"

"செம்பு, வெள்ளி, தங்கம். அட்டவணையில தேடுங்க."

மூன்றும் ஒரே தொகுதியில், ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. முள்ளிப்பட்டுப் பெண் ஒருத்தி "அட!" என்றாள். பச்சையம்மாள் விளக்கினாள். இடமிருந்து வலம் போனால் அடிக்கு ஒரு புரோட்டான் கூடும். அந்த எண்ணிக்கைதான் வரிசை. வெளிச் சுற்றில் எலக்ட்ரான் ஒரே மாதிரி அமைந்தவை மேலும் கீழுமாக ஒரே பத்தியில் வரும். அதனால் குணமும் ஒத்துப்போகும். நியானின் வெளிச் சுற்று நிரம்பிவிட்டது, அதற்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை, சும்மா கிடக்கிறது. சோடியத்தின் வெளிச் சுற்றில் ஒரே ஓர் எலக்ட்ரான். அதைக் கொடுக்கத் துடிக்கிறது. மண்ணெண்ணெயில் போடுவது அதனால்தான், தீட்டு என்பதால் அல்ல. அந்த எலக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்தால் உப்பு.

"உப்பு இல்லாம யார் வீட்ல சோறு எறங்கும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

கண்ணகியின் பட்டப்பெயர் அதனால் மறைந்துவிடவில்லை. இன்னும் ஆறேழு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் குழாயடியில் நின்று அழவில்லை. கூப்பிட்டவளைத் திருப்பித் திட்டினாள். பச்சையம்மாளுக்கு அது போதும்.

தை மாதம் அறிவியல் கண்காட்சிக்கு வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சக்கரவர்த்தி சார் பட்டு வேட்டியில் வந்து, அட்டவணையின் முன்னால் நின்று, உயர்குடிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பிரமாதம்! இப்படிச் சொன்னாதான் மனசுல பதியும்."

"சார், அது தப்பு" என்றாள் பச்சையம்மாள். "செனான் சேரும். சேர்ந்தாச்சு."

அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா? சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய கலர் சோடாவை வாங்கிக்கொண்டார். செனானுக்காக அவர் சந்தோஷப்பட்டாரா, சோடாவுக்காகவா என்பது தெரியவில்லை. இந்த ஆள் ஒரு ஜில்லாவின் படிப்பையே மேய்க்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த ஜூனில் அவளுக்கு ஆறாம் வகுப்பும் தோட்ட வேலைப் பீரியடும் கொடுத்தார்கள். மேல் வகுப்பு வேதியியல் அவள் கைக்குத் திரும்பி வர, சக்கரவர்த்தி சார் ஓய்வு பெற வேண்டியிருந்தது. அதற்குள் அவருக்கு நல்லாசிரியர் என்று ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. அதை அவர் கடைக் கல்லாவுக்கு மேல் மாட்டினார். பச்சையம்மாள் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டாள்.

1987-ல் சீனியாரிட்டிப்படி அவள் தலைமையாசிரியை ஆனாள். வேறு யாரையாவது போட நிர்வாகம் தேடிப் பார்த்தது. விதி இடம் கொடுக்கவில்லை. அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை மட்டும் பெற்றோர் சங்கத் தலைவர் வீரபாகு தானே முடிவு செய்துவிட்டார். சிறப்பு விருந்தினர், சக்கரவர்த்தி சார்.

மேடையில் அவர் முக்கால் மணி நேரம் பேசினார். வலது கோடி, இடது கோடி, உயர்குடி, எதுவும் மாறவில்லை. கடைசியில் பச்சையம்மாள் பக்கம் கையை நீட்டி, "இந்தம்மா இங்க வரும்போது ஒண்ணும் தெரியாது. நான்தான் உருவாக்கினேன்" என்றார். கைதட்டல் எழுந்தது.

நன்றியுரை பச்சையம்மாளுடையது. பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னாள். மைக் செட்டுக்காரருக்கு, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு, பூ கட்டிய பூங்காவனத்துக்கு, மாடு உள்ளே வராமல் பார்த்துக்கொண்டு கேட்டில் நின்ற வாட்ச்மேன் சின்னதுரைக்கு, ஆடிய பெண்களுக்கு, அவர்களுக்குப் பவுடர் பூசிய அம்மாக்களுக்கு, ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நன்றி சொன்னாள். பிறகு மைக்கை அணைத்தாள்.

வீரபாகு பதறிப்போய் மேடையோரம் வந்தார். "இன்னாங்க டீச்சர், சீஃப் கெஸ்ட்டை உட்டுட்டீங்களே! ஜல்தியா மைக்கைப் போடுங்க!"

"சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சிங்க."

சக்கரவர்த்தி சாரோ எதையும் கவனிக்கவில்லை. போட்டோக்காரனுக்கு எதிரே மாலையைச் சரிசெய்துகொண்டு, எந்தப் பக்கம் திரும்பினால் முகம் எடுப்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடிந்ததும் அவளிடம் வந்தார்.

"நன்றியுரை பலே! எல்லாரையும் ஞாபகம் வெச்சி சொன்னீங்க. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே."

எட்டு வருஷமாக அவள் மனசில் எத்தனையோ பதில்களைச் செய்து வைத்திருந்தாள். எல்லாமே நல்ல பதில்கள். அவற்றில் ஒன்றையாவது இந்த ஆளுக்குச் செலவு செய்வது தண்டம் என்று இப்போது தோன்றியது.

"படி பாத்து எறங்குங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெஞ்சுகளை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை விரட்டி வேலை வாங்கப் போனாள்.