பொட்டு வைத்த பிஸ்டன்கள்

அப்பா விட்டுப்போன அம்பாசிடரின் இன்ஜினை ஆரணி வீட்டு வாசலில் பிரித்தது என் மகள்தான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். கடையக் கடைய இரும்பு குறையும் என்பதால், அளந்து பார்த்து அடுத்த சைஸே போதும் என்றாள். அண்ணனோ வேலூரிலிருந்து இருப்பதிலேயே பெரிய சைஸை வாங்கி வந்து குங்குமமும் வைத்துவிட்டார்.

"இதப் போட்டா அப்புறம் கடையவே முடியாதுண்ணா."

"நல்ல நாள் பாத்து வாங்கினது, திருப்பக் கூடாது. இவ கட்டிக் குடுத்தா போயிடுவா. அடுத்த வாட்டி யாரு பிரிக்கப் போறாங்க?"

"இப்ப யாருண்ணா பிரிச்சது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

பிஸ்டன்களைப் பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். பொட்டு வைத்த சாமானைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார், ஒரு சண்டை போட்டுவிடலாம் என்றே போனேன். அவரோ குங்குமத்தைத் துடைத்துவிட்டு, சின்ன சைஸை எடுத்து வைத்தார்.

"இன்னும் ரெண்டு வாட்டி கடையலாம்மா. யாரு ஓட்டப் போறது?"

"என் பொண்ணு" என்றபோது அழுகை வந்துவிட்டது.

முன்பின் தெரியாதவர் கேட்ட அந்தக் கேள்வி, கூடப் பிறந்தவருக்குத் தோன்றவில்லை. கோபம் இன்றும் ஆறவில்லை. அவள் கல்யாணமாகிப் போகட்டும். வண்டியும் அவளோடுதான் போகும்.