கறி மட்டுமே தின்ற தம்தின்

என் அக்கா செர்மாவின் கணவர் தம்தினுக்கு அறுபது வயது வரை ஆஸ்பத்திரி வாசல் தெரியாது. எங்கள் மங்கோலியப் புல்வெளியில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம், அதில் வெட்டிப் பெருமையும் அதிகம். போன வருடம் நவம்பரில் கால் மரத்துப்போய்க் குதிரையிலிருந்து இறங்க முடியாமல் திணறியவரை நான்தான் ஜீப்பில் அள்ளிப் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன். இரத்தத்தில் சர்க்கரை எங்கள் ஊர்க் கணக்கில் பதினாலு; மில்லிகிராம் கணக்கில் இருநூற்றைம்பது. ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் நோமின் சின்னப் பெண். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"மாத்திரையில அடங்கலேன்னா அடுத்த குளிருக்கு இன்சுலின் ஊசிதான். மலையில விடிகாலை அடுப்பு அணைஞ்சா மருந்து உறைஞ்சிடும், அப்புறம் அது வீண். நீங்க ஊருக்குள்ள வந்து தங்க வேண்டியதுதான்."

ஊருக்குள் வருவதென்றால் மந்தையை விற்பது. நாலு சுவருக்குள் தம்தினை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீடு சேர்ந்ததும் அக்காவிடம், "மாவும் சர்க்கரையும் நேத்து வந்த சாமான்டி, நம்ம பாட்டனுங்க தின்னது கறி. இனிமே எனக்குக் கறி மட்டும்தான்" என்றார்.

மனிதர் சொன்னால் சொன்னதுதான். அக்கா இறைச்சிக் கொழுக்கட்டை செய்தால் உள்ளே இருக்கும் கறியை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு மாவுத் தோலை நாய்க்குப் போட்டார். நாய்க்குச் சதை பிடித்தது. மூன்றாவது வாரம், ஆடு திருப்பும்போது உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கிப் பனியில் சரிந்தார். மாவை நிறுத்தியவர் மாத்திரையைக் குறைக்கவில்லை, சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. "சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்ல மாட்டீங்களா?" என்று நோமின் கத்தினாள். மாத்திரையைப் பாதியாக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனைக்கு வரச் சொன்னாள்.

மார்ச்சில் சர்க்கரை ஏழு. அப்புறம் தம்தினைப் பிடிக்க முடியுமா? எதிர்ப்பட்டவனுக்கெல்லாம் வைத்தியம் சொன்னார்.

ஜூலையில் மறுபடி பதின்மூன்று.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் நோமின்.

"கறி. எங்கம்மா மேல சத்தியமா கறி மட்டும்தான்."

"குடிச்சது?"

"தண்ணி. அப்புறம் ஐராக்."

"எத்தனை கிண்ணம்?"

"மத்தியானத்துக்குள்ளயா, நாள் முழுக்கவா?"

நோமின் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புளித்த குதிரைப்பாலான ஐராக்கிலும் சர்க்கரை உண்டு; ஆனால் அதை இங்கே யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்? கோடையில் அதுதானே எங்களுக்கு மூச்சு!

அன்றோடு ஐராக்கும் போனது. நீட்டிய கிண்ணத்தை மறுப்பது மரியாதையில்லை. அதனால் வாங்கி உதட்டில் ஒற்றித் திருப்பிக் கொடுப்பார். அக்காவுக்குத்தான் ஆற்றாமை. அவள் கடையும் ஐராக்குக்காகவே பத்துக் கல் தள்ளியிருப்பவர்கள்கூட வருவார்கள்.

"புருஷனே குடிக்கலேன்னா ஊர் என்னடா சொல்லும்? கெட்டுப்போச்சும்பாங்க!" என்று என்னிடம் பொரிந்தாள்.

அக்டோபரில் மூன்று பேரும் போனோம். அந்த எண் வரும்வரை தம்தின் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். ஏழு.

"மலைக்குப் போங்க" என்றாள் நோமின். "ஆனா கறிதான் மருந்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதீங்க. மாவும் ஐராக்கும் போச்சு, வயிறு இளைச்சுது, மாத்திரையும் வேலை செய்யுது. வெறும் கறியே தின்னா பத்து வருஷத்துல இதயம் என்னாகும்னு எனக்கே தெரியாது. மாசாமாசம் வரணும்."

திரும்பும் வழியில் தெரிந்த மந்தைக்காரன் கல்சனின் கூடாரத்தில் நின்றோம். சந்தோஷச் செய்தி கேட்டுக் கல்சன் ஐராக் ஊற்றினான். தம்தின் உதட்டில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கிண்ணத்தை வாங்கிய அக்காவும் ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

தம்தின் முகம் வெளுத்துவிட்டது. "உனக்குமா சர்க்கரை?"

"எனக்கென்ன கேடு! நீங்க ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா எனக்குத் தொண்டையில இறங்குமா? ஜூலையிலேயே விட்டாச்சு."

தினமும் அந்த வீட்டில் தின்கிற எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தம்தின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறர் முன்னால் அப்படிப் பிடிப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. கல்சன் எழுந்து அடுப்பைக் கிளறப் போய்விட்டான்.