நாங்கள் கேட்காத வெள்ளிக்கிழமை

என் மகள் படிக்கும் தனியார் பள்ளிக்கூடம் இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் நடக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. இந்த வெள்ளிக்கிழமை விடுமுறையை முஸ்லிம்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று திருத்தணியில் ஒரு பேச்சு உலவுகிறது. நான் முஸ்லிம். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து ஒருவரும் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியாவது வைக்கிறேன்.

அந்தப் பள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஓர் ஏற்பாடு பல காலமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரிய பையன்கள் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள். திரும்பி வந்து கடைசிப் பாடவேளையில் உட்காருவார்கள். கணக்கு வாத்தியார் வாரப் பரீட்சையை அவர்கள் வரும்வரை தள்ளி வைப்பார். யாரும் யாருக்கும் சலுகை கொடுத்ததாக நினைத்ததில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நான்கு நாள் பள்ளி என்ற யோசனை முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும், வெளிநாட்டிலெல்லாம் இப்படித்தான் என்று பள்ளியின் தாளாளர் நீளமாக எழுதியிருந்தார். என் கணவரின் மெக்கானிக் ஷெட்டில் வண்டி சரிசெய்ய வந்தவர்களெல்லாம் இதையே பேசினார்கள். வசதியுள்ளவர்களுக்கு ஏகக் குஷி. மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு, எங்கேயாவது போய்வரலாம். வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று கேட்டார்கள். அவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். வேன்களுக்கு டீசல் கட்டுப்படியாகவில்லை, ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. அதை நேராகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

என் மகளோடு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கிராமம், வீட்டிலேயே விசைத்தறி. டவுன் பஸ்ஸில் வந்து போவாள். பஸ் வரத் தாமதமானால் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அப்படித்தான் அவள் அம்மா எனக்கு அக்காவானாள். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பெண்ணைத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்காரவைத்துவிடுகிறார்கள், தார் சுற்றுகிற கைக்குப் பென்சில் எதற்கு என்று மாமனார் கேட்கிறார், பள்ளிக்கூட நாள் என்று சொல்லித்தான் அவளைத் தப்பவைக்கிறேன் என்பாள் அக்கா. பள்ளி ஆறு மணிக்கு விட்டால், அந்தப் பெண் வீடு போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிடும். இதைப் பள்ளி கூட்டப்போகும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போவதாக அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெற்றோர் கூட்டத்தை எந்த நாளில் வைத்தார்கள் தெரியுமா? கிருத்திகை அன்று. ஞாயிற்றுக்கிழமையில் வந்த கிருத்திகை. இந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கூட அன்றைக்கு லாரியில் சரக்கு வரவழைக்க மாட்டார். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து காவடிக் கூட்டத்தோடு நடந்துதான் உள்ளே வர வேண்டும். தாளாளர் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். கிராமத்துப் பெற்றோர் வந்து சேருவதற்குள் கூட்டத்தை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அப்படியேதான் நடந்தது. பாதி நாற்காலி காலி. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் டவுன்காரர்கள். சம்மதம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் தாளாளர், தூக்கினார்கள். பிறகு மைக்கைப் பிடித்து, இஸ்லாமியக் குழந்தைகளின் தொழுகையை மனதில் வைத்துத்தான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம் என்று குழைந்தார். முன்வரிசையில் எங்கள் ஜமாத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குச் சீருடை சப்ளை செய்பவர். அவர் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். நான் எழுந்துவிட்டேன்.

“சார், எங்க பசங்க ஜும்மாவுக்குப் போயிட்டு வந்து பரீட்சை எழுதிகினுதான் கீறாங்க. லீவு வேணும்னு நாங்க கேக்கல. டீசல் கட்டுப்படியாவலன்னா அதச் சொல்லுங்க. எங்க பேரச் சொல்லி ஏன் சார் மூடி மறைக்கறீங்க?”

அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்றார் தாளாளர். சிலர் சிரித்தார்கள். சீருடைக்காரர் திரும்பி, நல்லது செய்கிறபோது சண்டை போடாதே என்று கையால் ஜாடை காட்டி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே தீர்மானத்தை மைக்கில் படித்தார்கள். ‘இஸ்லாமியப் பெற்றோர்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று’ என்று தொடங்கியது அது. நான் மறுத்துப் பேசி முடித்த மறு நிமிடம், என் கண் முன்னாலேயே.

சரியாக அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வந்தாள். வெயிலில் நடந்து முகம் கறுத்துப்போயிருந்தது. அவளோடு அந்தப் பக்கத்துப் பெற்றோர் இன்னும் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது அந்த ஒரு வரி மட்டும்தான். நான் பேசியது ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் என் முக்காட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன். அக்காவைத் தனியே இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாள். மற்றவர்களை நிறுத்திவைத்துச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸைப் பிடிக்க மறுபடியும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே.

புது ஏற்பாடு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தப் பெண் வருவது நின்றுபோனது. போன் செய்தேன்.

“மூணு நாளு வூட்ல கீறவ, மீதி நாலு நாளு இருட்டுல வந்துகினு போயிகினு இன்னாத்துக்குப் படிக்கணும்னு அவ நைனாவே கேக்குறாரும்மா” என்றாள் அக்கா.

திங்கள் முதல் வியாழன் வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் அக்கா, என் மகளோடு படுத்துக்கொள்ளட்டும், வியாழக்கிழமை நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் சொன்னாள்:

“நான் அனுப்புவேன்மா. வெள்ளிக்கெழம கேட்டவங்க வூட்லயே கொண்டுபோயி வுடப்போறியான்னு மாமனாரு கேக்குறாரு. இல்ல, அவங்க கேக்கலன்னு நான் சொன்னா, மைக்குல சொன்னாங்களே, நீயும்தான காதால கேட்டன்னு சொல்றாரு.”

அந்தப் பெண் இப்போது ஏழு நாளும் தார் சுற்றுகிறாள். அதுவும் எங்களால்தான் என்று அந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.