டிரைவர் யாருடைய ஆள்?

“மேடம், உங்க வண்டி கவுந்துடுச்சு!”

போன மாதம் ஒரு பிற்பகல். போனில் பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது. கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் சாலையில் நின்றுகொண்டு கத்தினார். எங்களிடம் வண்டியே கிடையாது. தவறான எண் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“பின்னாடி உங்க கம்பெனி பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டுகினு இருக்குதே...”

அப்போதுதான் உறைத்தது. கோவிந்தன் அண்ணாவின் பிக்கப்.

“டிரைவருக்கு ஒண்ணும் இல்ல. மூட்டை மேல உக்காந்துகினு வந்த அம்மாவுக்குத்தான் தலையில அடி. கள்ளக்குறிச்சிக்கு இட்டுகினு போயிட்டாங்க.”

மூட்டை மேல் அம்மாவா?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உணவுத் தொழில்நுட்பம் படித்த நானும், கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் சலீம் பாயும் கூட்டாக ஒரு சிறுதானிய ஆலை நடத்துகிறோம். மலையில் விளையும் சாமையையும் தினையையும் வாங்கி, உமி நீக்கி, பாக்கெட் போட்டு விற்கிறோம். மலையிலிருந்து மூட்டைகளை இறக்கித் தருபவர் கோவிந்தன். வண்டி அவருடையது, லோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. அவ்வளவுதான்.

அந்தப் பேச்சும் எப்படி நடந்தது தெரியுமா? சலீம் பாய் அவருக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். அவர் குடித்தார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் டீ கிளாஸ் காலியானால் ஒப்பந்தம் கையெழுத்தானதாக அர்த்தம்!

மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் பாயிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். லோடு வண்டியில் எதற்கு ஆள் ஏற்றினார்?

“மலையில லோடு வண்டின்னா ஆளு ஏறத்தாம்மா செய்யும்” என்றார் பாய். “பஸ்ஸு கம்மி. ரோட்டுல நின்னுகினு கை காட்டுறவங்கள வுட்டுட்டு வந்தா, மறுநாள் அந்த ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வெச்சுகினு போவான்?”

இது பாய்க்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக எங்கள் மூட்டைகளின் மேல் மனிதர்கள் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள் — எனக்குத் தெரியாது.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கோவிந்தன் நின்றிருந்தார். சட்டை முழுக்க ரத்தம். நான் பதறியதும் தலையாட்டினார். “என் ரத்தம் இல்ல மேடம்.”

அடிபட்டவர் பெயர் செல்வி. மலையில் ஒரு சின்ன ஊர். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள இறங்கி வந்திருக்கிறார். முன் சீட்டிலும் மூட்டை அடுக்கியிருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பைக். பிரேக் அடித்ததும் சரக்கு ஒரு பக்கம் சரிய, வண்டியும் சரிந்துவிட்டது. நாங்கள் போனபோது செல்வியை ஸ்கேனுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். சுயநினைவு இருந்தது, ஆனால் வாந்தி எடுத்தார் என்று நர்ஸ் சொன்னார். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால் என்ன பொருள் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

விசாரணைக்கு ஏட்டு வந்தார்.

“டிரைவர் உங்க ஆளாம்மா?”

இப்படி ஒரு கேள்வியை உங்களிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு. அங்கேயும் மனசுக்குள் ஒன்று ஓடியது. வண்டி அவருடையது. டீசல் அவருடையது. வேறு வியாபாரிகளுக்கும் ஓட்டுகிறார். அப்படியென்றால் எங்கள் ஆள் இல்லை. சரி... வண்டியின் பின்னால் எங்கள் பெயர். எந்த நாள் மலை ஏற வேண்டும், எத்தனை மூட்டை ஏற்ற வேண்டும் என்று சொல்வது நாங்கள். அப்படியென்றால் எங்கள் ஆள்தானே?

பாய் என்னைப் பார்த்தார். கோவிந்தன் தரையைப் பார்த்தார். ‘ஆமாம்’ என்றால் ஆலை மாட்டும். ‘இல்லை’ என்றால் அந்த மனிதர் தனியாக மாட்டுவார்.

“சரக்கு எங்களது சார். வண்டி அவரோடது. மத்தது... நாங்க பேசிக்கவே இல்ல.”

ஏட்டு பேனாவை மூடினார். “பேசிக்கலன்னு நான் எழுத முடியாதும்மா. ஆளா, ஆள் இல்லையா?”

“என் பேர்லயே எழுதிக்குங்க சார்” என்றார் கோவிந்தன். “ஏத்துனது நான்தான்.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

ஸ்கேன் அறையின் கதவு திறக்கவில்லை. செல்வியின் கணவர் மலையிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார். வழியில் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் கோவிந்தனைக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் இவர், “உள்ள இட்டுகினு போயிருக்காங்க, நீ பாத்து வா” என்று அதே வார்த்தைகளைச் சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்? கடைசியில் போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்க பேசுங்க மேடம். கம்பெனின்னா கொஞ்சம் தைரியமா இருப்பான்.”

வாங்கினேன். என்ன சொல்லிப் பேசுவது? எந்த உரிமையில்? எந்தப் பொறுப்பில்?

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் வெளியே வந்தார். மண்டைக்குள் ரத்தக் கசிவு இல்லை. தோள்பட்டை எலும்பு முறிவு. ஓரிரு நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கோவிந்தன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பார்க்கப் போனபோது செல்வி கட்டிலில் சாய்ந்திருந்தார். கோவிந்தனைக் கண்டதும், “இன்னாண்ணா, இத்தினி வருஷமா பிரேக்கே புடிக்க மாட்ட. நான் ஏறுன அன்னைக்குத்தான் புடிக்கணுமா?” என்றார். அந்த வார்டில் முதன்முதலாகச் சிரித்தோம்.

வழக்கு என்னவோ கோவிந்தன் பேரில்தான் நடக்கிறது. சரக்கு வண்டியின் மேல் ஏறி வந்தவருக்கு இழப்பீடு தர முடியாது என்று இன்சூரன்ஸில் சொல்லிவிட்டார்கள்.

இனி எல்லாம் எழுத்தில் என்று முடிவெடுத்தேன். முதலில் முறுக்கிக்கொண்டது பாய். “பேப்பரு போட்டா நம்பிக்கை போயிடும்மா.” கோவிந்தன் அதற்கும் மேல். “நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னைக் கழட்டி வுடறதுக்குத்தான இது?”

நியாயமான சந்தேகம். பல ஒப்பந்தங்கள் அதற்காகத்தான் எழுதப்படுகின்றன! தியாகதுருகத்தில் இருக்கும் என் வக்கீல் தோழியும் அதையே வேறு விதமாகச் சொன்னாள். “ஒப்பந்ததாரர்னு பேப்பர்ல எழுதிட்டு, வேலைக்காரர் மாதிரி வெச்சு விரட்டினா கோர்ட்டு ஒத்துக்காது. எப்படி நடத்துறியோ அதை எழுது. எழுதுற மாதிரி நடத்து.”

எனவே எழுதினோம். எவ்வளவு எடை ஏற்றலாம், எந்த நாள் ஏறுவது என்பதை யார் முடிவு செய்வது, மழையில் மறுக்க அவருக்கு உரிமை உண்டா, இன்சூரன்ஸ் யார் கட்டுவது, வண்டியில் எங்கள் பெயர் இருக்கலாமா... உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, ஒரு வருடமாக மூன்று பேரும் மூன்று விதமாக நினைத்துக்கொண்டிருந்தோம். நம்பிக்கைதான் இருந்தது — அவரவருக்கு ஒரு நம்பிக்கை.

ஏழாவது பாயிண்டில் நின்றது. ‘வண்டியில் யாரையும் ஏற்றக் கூடாது.’

கோவிந்தன் பேனாவைக் கீழே வைத்தார். “இதுக்குக் கையெழுத்து போட மாட்டேன் மேடம்.”

“இவ்ளோ ஆன பெறகுமா?” என்று பாய் எகிறினார்.

“வலி எடுத்துகினு ஒருத்தி ரோட்டோரம் நிப்பா பாய். பேப்பர்ல இல்லன்னு சொல்லிட்டு வந்துட முடியுமா? நீங்களா இருந்தா வுட்டுட்டு வருவீங்களா?”

நான் சொன்னேன். மூட்டை மேல் யாரும் கூடாது, அதில் பேச்சே இல்லை. முன் சீட்டில் இனி மூட்டை வைக்கக் கூடாது. அதனால் குறையும் சரக்கு எங்கள் பாடு. பிரசவ வலி, உயிருக்கு ஆபத்து என்றால் ஒருவர், முன் சீட்டில், பெல்ட் போட்டு. ஏற்றியதும் எனக்குப் போன். தோழி படித்துவிட்டு, “சரக்கு ஒப்பந்தத்துல பிரசவ வலியா!” என்று சிரித்தாள். போலீஸ் கேள்வி கேட்டால் இது கேடயம் ஆகாது என்றும் எச்சரித்தாள். தெரியும். ஆனால் அடுத்த முறை அந்த வாசலில் அவர் தனியாக நிற்க மாட்டார்.

கோவிந்தன் இன்னொரு வரி கேட்டார். அதையும் சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

போன செவ்வாய்க்கிழமை. ஆலையில் ஆட்கள் தயார், மெஷின் தயார், சாமை வரவில்லை. போன் அடித்தது.

“மேடம், ஏழாவது பாயிண்ட்டு ஒருத்தர் முன்னாடி உக்காந்துகினு இருக்காரு. பாம்பு கடிச்சிடுச்சு. நேரா ஆஸ்பத்திரி போறேன்.”

“பாத்து வாங்கண்ணா. நானும் அங்க வரேன்.”

அன்றைய வேலை முழுக்கக் கெட்டது. திட்ட முடியவில்லை. இப்படித் தாமதமானால் கம்பெனி கோபப்படக் கூடாது — அவர் கேட்டுச் சேர்த்த வரி அதுதான்.