அளவு நோட்டில் ஆள் இல்லாத எழுத்துகள்

தையல் கடைன்னா ஊரே நம்மள நம்பி உடம்பைக் காட்டும். சொன்ன தேதியை மட்டும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. கத்திரிக்கோல் பிடிச்ச சகோதரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதுசில்ல. பண்டிகைக்கு முந்தின வாரம் வாடிக்கைக்காரரைப் பார்த்ததும் கடையின் பின்பக்கமா ஓடி ஒளியாதவன் நம்ம கூட்டத்துல உண்டா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால என் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டு மேஜை, நான், காஜா எடுக்கற மாணிக்கண்ணன். அளவு எழுத ஒரு தடி நோட்டு வெச்சிருக்கேன். ஓரத்தைப் படிப்படியா வெட்டி, எழுத்து வாரியா பக்கம் பிரிச்ச நோட்டு. கந்தசாமின்னா க-வுல, சவரிமுத்துன்னா ச-வுல. சில எழுத்துக்கு மட்டும் ஆளே வரல. வெட்டின துணியில மிச்சம் கிடந்தா ஒரு பையாவது தைக்கணும்னு கை துறுதுறுக்கும் இல்லையா, வெத்துப் பக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான். மனசுல பட்டதை அந்தப் பக்கங்கள்ல எழுத ஆரம்பிச்சேன். ஒரே ஒரு சட்டம்: முதல் வார்த்தை அந்தப் பக்கத்து எழுத்துலதான் ஆரம்பிக்கணும். விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். அது என் கடைக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து உலை வைக்கப் பார்க்கும்னு யார் கண்டா?

அ, ஆ

இந்த ரெண்டு எழுத்துலயும் மூச்சு விட இடமில்ல. அந்தோணி, அருளப்பன், ஆரோக்கியசாமி. அதுலயும் ஆரோக்கியசாமி மட்டும் ஏழு பேர். ஒருத்தர் சட்டையை இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்து ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்ட பிறகு, பேருக்குப் பக்கத்துல அடையாளம் எழுத ஆரம்பிச்சேன். ஒருத்தருக்கு 'வலது தோள் இறக்கம்', ஒருத்தருக்கு 'கழுத்து குட்டை', ஒருத்தருக்கு 'தொப்பை', வீராம்பட்டினத்து ஆரோக்கியசாமிக்கு 'ராஜ நடை'.

ஒரு நாள் தொப்பை ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்துட்டார். போச்சுடா, வாடிக்கை போச்சுன்னு நெனச்சேன். மனுஷன் தொப்பையைத் தடவிக்கிட்டே பக்கம் முழுக்கப் படிச்சார். அப்புறம் சொன்னார்: "எனக்குத் தொப்பைன்னு எழுதினது இருக்கட்டும், வலை இழுக்கறவனுக்கு ராஜ நடைன்னு எழுதியிருக்கியே, நான் நடந்து நீ எப்ப பார்த்தே?"

ஈ

இந்தப் பக்கத்துக்கு ஆள் வரவே இல்ல. ஐப்பசி மழையில மூணு நாள் கடைப்பக்கம் ஈ காக்கா இல்லாதப்போ, பென்சிலை எடுத்து எழுதினேன்: "ஈரமான நாள்ல அளவு எடுக்க யாரும் வரமாட்டாங்க. தெருவைப் பார்க்க நேரம் கிடைக்குது. குடை இல்லாதவங்க வேகமா நடக்கறாங்க. குடை இருக்கற ஒருத்தங்க மட்டும் மெதுவா நடக்கறாங்க."

குடை இருக்கற அந்த ஒருத்தங்க திரேசா. பொண்ணுங்க பள்ளிக்கூடத்து டீச்சர். சாயங்காலம் என் கடை வழியாத்தான் வீட்டுக்குப் போவாங்க. எனக்கு முப்பது முடிஞ்சு போச்சு, கட்டினா இவங்களத்தான் கட்டணும்னு ரெண்டு வருஷமா மனசுல கிடக்குது. போய்க் கேக்க எனக்கு அப்பா அம்மா இல்ல, தைரியம் அதைவிட இல்ல. கோர்ட்டு கிளார்க்கு வீட்டுப் பொண்ணு. தையல்காரன் பேச்சை எடுத்தா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிடுவாங்கன்னு பயம். மாணிக்கண்ணன் என் தோளுக்கு மேல எட்டி ஒரு தடவை படிச்சார். ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே கேட்டார்: "ஏம்பா, நீ எழுதினது மழையைப் பத்தியா, குடையைப் பத்தியா?"

க

கந்தசாமி விழுப்புரத்துப் பக்கம். இங்கிலீஷ்காரன் ஆளற அந்தப் பக்கத்துலேருந்து வந்து நம்ம பிரெஞ்சு ஊர்ல துணி எடுத்தா விலை சல்லிசு. ஆனா கோரிமேட்டுச் சாவடியைத் தாண்டறப்போ புதுத் துணிக்குத் தீர்வை கட்டணும். கந்தசாமி மூணு பட்டுச் சட்டைக்கு அளவு குடுத்தார். முதல் சட்டை உடம்புக்குக் கச்சிதமா, ரெண்டாவது கொஞ்சம் தொளதொளன்னு, மூணாவது அதைவிடப் பெரிசா. ஏன்யா ஒரே ஆளுக்கு மூணு அளவுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்.

சட்டைகளை வாங்கின அன்னிக்கு என் கடையிலயே மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டுக் கிளம்பினார். சித்திரை மாசத்து உச்சி வெயில்! மறு மாசம் சிரிச்ச மூஞ்சியோட வந்தார். "மாட்டிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டேன். "மாட்டறதாவது! சாவடிக்காரன் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'புதுச்சேரித் தண்ணி ஒத்துக்கிச்சு போல, நல்லா சதை போட்டிருக்கீங்களே'ன்னான்!"

ங

ஆளும் இல்ல, ஆரம்பிக்க வார்த்தையும் இல்ல. நான் போட்ட சட்டம் என்னையே கட்டிப் போட்டுடுச்சு. மூணு சாயங்காலம் பென்சிலைக் கடிச்சதுதான் மிச்சம். மாணிக்கண்ணனுக்குப் பொறுக்கல: "விடுப்பா, ஒரு பக்கமாவது உன்கிட்டேருந்து தப்பிச்சுதே."

ச

சவரிமுத்துவுக்கு பிரெஞ்சுக்காரன் ஆளற சைகோன்ல வேலை கிடைச்சது. கம்பளிக் கோட்டு வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். அங்க நம்ம ஊரை விட வேர்க்கும்னு போய் வந்தவங்க சொல்றாங்களே, மெல்லிசு துணியில தைச்சுத் தரேனேன்னு மன்றாடினேன். பேசும் படம் வந்ததிலேருந்து இந்த வம்பு. திரையில எவன் எதைப் போட்டாலும் இவங்களுக்கும் அது வேணும். தைச்சேன். போட்டுப் பார்த்த அஞ்சாவது நிமிஷம் மனுஷன் நனைஞ்ச கோழியா நின்னார். "இப்பவாவது கேளுங்க முசியே"ன்னு பிரெஞ்சு மரியாதை வெச்சுக் கெஞ்சினேன். "கோட்டு சைகோனுக்கு இல்லய்யா, நான் கப்பல் ஏறறப்போ துறைமுகத்துல நிக்கப்போற என் மாமனாருக்கு."

ஞ

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு ஆள், ஞானப்பிரகாசம். நான் சொன்ன கோர்ட்டு கிளார்க்கு அவர்தான், திரேசாவோட அண்ணன். மேல அஞ்சு வரியில அவர் அளவு. கீழ முழுசும் வெறுமை, விடுவேனா? மாதா கோயில் பூசையில பெண்கள் பக்கம் மூணாவது வரிசையில திரேசாவைப் பார்த்தேன். தப்பா ஒண்ணும் பார்க்கல, மாதா மேல ஆணை. ஆனா தையல்காரன் கண்ணுக்கு டேப்பு தேவையில்லன்னு உங்களுக்கே தெரியும். எழுதினேன்: "ஞாயிறு. மேற்படியார் தங்கை. உயரம் நூத்தி அம்பத்தஞ்சு சென்டி. தோள் முப்பத்தாறு. ரவிக்கைத் தோள்ல சுருக்கம் விழுது. ஆயுசு பூரா இவங்களுக்குச் சுருக்கமில்லாம தைச்சுக் குடுக்கற பாக்கியம் கிடைச்சா போதும்."

ஞானப்பிரகாசத்துக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. கல்யாணக் கோட்டை முழுசா தைக்கறதுக்கு முன்னால கச்சாத் தையலோட போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தார். கோட்டுக்கு ஒரு கை பொருத்தியாச்சு. ரெண்டாவதைப் பொருத்தப் போறேன், என் வாயில எட்டு குண்டூசி. சும்மா நிக்கறவர் மேஜையில கிடந்த நோட்டை எடுத்துத் தன் பக்கத்தைப் புரட்டினார். நான் "ம்ம்ம்! ம்ம்ம்!"னு அலறறேன். "குத்தலப்பா, நீ பாட்டுக்குச் செய்"ங்கறார். படிச்சார். கீழயும் படிச்சார். நான் ஊசியைத் துப்பி முடிக்கறதுக்குள்ள நோட்டை விசிறி அடிச்சுட்டு, ஒத்தைக் கைக் கோட்டோடயே தெருவுல இறங்கிட்டார். மீன்காரம்மாங்கள்லாம் வியாபாரத்தை விட்டுட்டு எழுந்து நின்னு பார்த்தாங்க. திரும்பி நின்னு, மார்க்கெட்டுக்கே கேக்கற மாதிரி கத்தினார்: "என் அளவை எடுக்கத்தானே உனக்கு வேலை குடுத்தேன், என் வீட்டு அளவை யாருடா உன்னை எடுக்கச் சொன்னது?"

மறுபடியும் ஞ

மூணு நாள் சோறு இறங்கல. கடை போனா போகட்டும், கடலூர்ல போய்ப் பிழைச்சுக்கலாம். அந்தப் பொண்ணு என்னைப் பொறுக்கின்னு நெனச்சிருக்குமேங்கற நெனப்புத்தான் நெஞ்சை அறுத்துச்சு. சாயங்காலம் அவங்க இந்த வழியா வர்றதும் நின்னு போச்சு. மாணிக்கண்ணன் மட்டும் அசரல. ஒருத்தன் வெட்டின கோட்டை இன்னொரு தையல்காரன் தொடமாட்டான், அது நமக்குள்ள இருக்கற கட்டுப்பாடு. புதன்கிழமை கல்யாணம், கோட்டுக்கு ஒரு கைதான் இருக்கு, எப்படியும் இங்கதான் வந்தாகணும்னு தெம்பா காஜா எடுத்துக்கிட்டிருந்தார்.

நாலாம் நாள் கோட்டு வந்தது. கொண்டுவந்தது திரேசாவும் அவங்க அம்மாவும். நான் ஸ்டூலைத் துடைச்சுப் போட்டேன். அம்மா ஸ்டூல்ல உக்காந்தாங்க. திரேசா கோட்டை மேஜை மேல வெச்சுட்டு, "நோட்டைக் குடுங்க"ன்னாங்க. குடுத்தேன், வேற என்ன செய்ய? ஞ பக்கத்தை நின்னபடியே படிச்சாங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அப்புறம் முன்னாலேருந்து புரட்டி மழை நாளையும் படிச்சாங்க. "மன்னிச்சுக்குங்க, கிழிச்சுப் போட்டுடறேன்"னு சொன்னேன்.

அவங்க கிழிக்கல. என் பென்சிலை எடுத்து முப்பத்தாறை அடிச்சுட்டு முப்பத்தஞ்சுன்னு எழுதினாங்க. நோட்டை மூடி என் முன்னால வெச்சாங்க. ஸ்டூல்ல இருந்த அம்மா சேலைத் தலைப்பால வாயை மூடிச் சிரிப்பை மறைச்சாங்க. திரேசா குடையை எடுத்துக்கிட்டுச் சொன்னாங்க: "அண்ணன் கல்யாணம் முடியட்டும். கேக்கறதுன்னா எங்க அம்மாகிட்ட வந்து வாயால கேளுங்க, இப்படி நோட்டுக்குள்ள எழுதி வெச்சா நான் இன்னும் எத்தனை மழைக்கு மெதுவா நடக்கறது?"

ஊர்ல இருக்கற உடம்பையெல்லாம் பார்வையாலயே அளந்துடுவேன்னு மார் தட்டினவனுக்கு, ரெண்டு வருஷமா தன்னையும் ஒருத்தர் அளந்துக்கிட்டிருந்தது மட்டும் கண்ணுல படல.